ராணி கை ஜாக்கெட்

1

போன மாதம் எங்கள் ஆஸ்பத்திரிக்கு அரச குடும்பத்துப் பெண்மணி ஒருவர் வந்து போனார். யார் என்று கேட்காதீர்கள். இந்த இங்கிலாந்தில் அவர்கள் நிறையப் பேர். பட்டத்துக்கு எத்தனையாவது ஆளாக நிற்கிறார் என்று எண்ணிப் பார்க்க எனக்குப் பொறுமையும் இல்லை, விரலும் போதாது. புதிதாகக் கட்டிய வார்டைத் திறந்துவைக்க வந்தார். ரிப்பன் வெட்ட ஒரு கத்தரிக்கோல், கத்தரிக்கோலை வைக்க ஒரு வெல்வெட் மெத்தை, மெத்தையை ஏந்திக்கொண்டு நிற்க ஒரு டாக்டர். அந்த டாக்டருக்காக வெளியே நோயாளிகள் காத்திருந்தார்கள்.

நான் அங்கே சமையல்கட்டில் வேலை செய்கிறேன். கல்யாணமாகித் தாம்பரத்திலிருந்து இங்கே வந்து இறங்கிய மறு வருடமே சேர்ந்தது. பி.ஏ. படித்தவள் பாத்திரம் கழுவலாமா என்று ஊரிலிருந்து கேட்பவர்களுக்குப் பதில் எழுதுவதை எப்போதோ விட்டுவிட்டேன்.

வருகைக்கு ஒரு மாதம் முன்பே ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். முதல் தடவை இப்படி விளிக்க வேண்டும், அடுத்த தடவையிலிருந்து அப்படி விளித்தால் போதும். அவர் கை நீட்டும்வரை நாம் நீட்டக் கூடாது. அவர் பேசும்வரை பேசக் கூடாது. முழங்காலை லேசாக மடக்கி வணக்கம் சொல்லலாம், ஆனால் கட்டாயமில்லை. கட்டாயமில்லை என்று போட்டுவிட்டு, மடக்க விரும்பாதவர்கள் பெயரைக் கொடுங்கள் என்று சூப்பர்வைசர் கேட்டாள். யார் கொடுப்பார்கள்? பாத்திரம் கழுவும் இடத்து ஈரத் தரையில் ஐந்து பெண்கள் வரிசையாக நின்று மடங்கி நிமிர்ந்து பழகினோம். பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போட்டால் சுண்டலாவது கிடைக்கும்.

அவர் நடக்கப்போகும் வழிக்கு மட்டும் பெயிண்ட் அடித்தார்கள். அவர் திரும்பும் முனையோடு பெயிண்டும் நின்றது. ஒருவேளை அவருக்கு அவசரம் வந்தால் என்று புதுக் கழிவறை ஒன்று கட்டினார்கள். அவர் அந்தப் பக்கமே போகவில்லை. இப்போது நாங்கள் போகிறோம்.

வந்தவர் வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். நானும்தான் போட்டிருந்தேன், மஞ்சள் ரப்பரில். அதைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். ஈரம் காயாத என் கையை அந்தக் கையுறை இரண்டு விரலால் தொட்டது. "ரொம்ப தூரத்திலிருந்து வருகிறீர்களா?" என்று கேட்டார். "இல்லை, பஸ்ஸில் கால் மணி நேரம்தான்" என்றேன். அவர் கேட்டது நாட்டை என்று சூப்பர்வைசர் முறைத்த பிறகுதான் விளங்கியது. அதற்குள் பெண்மணி அடுத்த ஆளிடம் போய் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது. அவர் முகம் முழுசாக, என் முகம் பாதியாக. என் மகள் நித்யா அதை வெட்டி ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். பத்து வயதாகிறது. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற வயது. பள்ளியில் "நான் பின்பற்ற விரும்பும் பெண்" என்று கட்டுரை எழுதச் சொன்னார்களாம். இவரைத்தான் எழுதப் போகிறேன் என்றாள்.

"என்னத்துக்கு?"

காரணங்களை வரிசையாகச் சொன்னாள். அழகாக உடுத்துகிறார். எல்லோரிடமும் சிரிக்கிறார். ஒருபோதும் சத்தம் போடுவதே இல்லை.

அந்தக் கடைசிக் காரணத்தில் எனக்கு உடம்பு பற்றி எரிந்தது. "உங்க பெரியம்மாவும் சத்தம் போடாமத்தாண்டி இருந்தா" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. உங்களுக்காவது சொல்கிறேன்.

2

எண்பதுகளில் கிழக்குத் தாம்பரத்தில், சேலையூர் போகிற வழியில், மாமரங்கள் நடுவே ஒரு பங்களா இருந்தது. அரண்மனை பங்களா என்பார்கள். அதில் இருந்தவர்களுக்குத் தெற்கே எங்கேயோ ஒரு குட்டி ஜமீன். நான்கு கிராமம், ஒரு ஏரி, அந்த ஏரியிலும் பாதி நாள் தண்ணீர் இருக்காது. ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து அதையும் எடுத்துக்கொண்ட பிறகு அவர்கள் பட்டத்தை மட்டும் லாரியில் ஏற்றிக்கொண்டு தாம்பரம் வந்து சேர்ந்தார்கள். அந்த வீட்டு அம்மாளை நாங்கள் ராணியம்மா என்போம். அவர் யாரையும் அப்படிக் கூப்பிடச் சொன்னதில்லை. சொல்லாமலே நாங்கள் கூப்பிட்டோம். நம் ஜனங்களுக்குக் கும்பிட ஒரு ஆள் கிடைத்தால் போதும்.

ராணியம்மா வெயில் காலம், மழைக் காலம் எல்லாவற்றிலும் மணிக்கட்டு வரை முழுக்கை வைத்த ஜாக்கெட்தான் போடுவார். கை ஓரத்தில் மெல்லிய லேஸ். அதைப் பார்த்துவிட்டு எங்கள் பக்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் முழுக்கை தைக்க ஆரம்பித்தார்கள். மார்க்கெட் டெய்லர்கள் அதற்கு ராணி கை என்றே பெயர் வைத்தார்கள். அக்னி நட்சத்திரத்தில் தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் ராணி கை ஜாக்கெட்டோடு வேர்த்து விறுவிறுத்துப் படியேறுகிற பெண்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வருகிறது. அவருக்குப் படியேறுகிற வேலையே இல்லை. கார் இருந்தது.

எங்கள் பக்கத்து மாதர் சங்கம் வருடாவருடம் நவராத்திரியில் ஒரு விழா நடத்தும். கல்யாண மண்டபத்தை எடுத்து, பந்தல் கடையிலிருந்து மாப்பிள்ளை பெண் உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலியை வாடகைக்குக் கொண்டுவந்து, அதில் ராணியம்மாவை உட்கார வைப்பார்கள். போன முகூர்த்தத்தில் யாரோ ஒரு கல்யாணப் பெண் உட்கார்ந்த நாற்காலிதான் அது, ஓரத்தில் பஞ்சு பிதுங்கிக்கொண்டிருக்கும். அதில் அமர்ந்து அவர் அந்த வருடத்தின் சிறந்த இல்லத்தரசிக்கு வெள்ளிக் குங்குமச் சிமிழ் கொடுப்பார்.

சிறந்த இல்லத்தரசியை எப்படிப் பொறுக்கினார்கள் என்பதைக் கேட்டால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். சங்கத்தின் செயலாளர் பங்கஜம் டீச்சர் தெருத்தெருவாகப் போவார். எந்தப் பெண்ணைப் பற்றி விசாரிக்க வேண்டுமோ அவள் வீட்டுக்குப் போகமாட்டார். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "அந்த வீட்லேர்ந்து ஏதாவது சத்தம் கேக்குமா?" என்பார். சண்டைச் சத்தம், அழுகைச் சத்தம், பாத்திரம் எறிகிற சத்தம். எந்த வீட்டிலிருந்து ஒன்றுமே கேட்கவில்லையோ அந்த வீட்டுக்காரிக்குப் பரிசு.

அந்த வருடம் பரிசு என் அக்கா சுசீலாவுக்கு.

3

அக்காவுக்குக் கல்யாணமாகி அப்போது ஆறு வருடம். குழந்தை இல்லை. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பெரிய வீட்டின் பின்பக்கப் போர்ஷனில் இருந்தார்கள். ஒரே அறை, அதிலேயே ஒரு ஓரம் சமையல், வெளியே பொதுக் குழாய். அவள் கணவனை அப்போது நான் மாமா என்று கூப்பிடுவேன். இப்போது அந்த ஆள் என்கிறேன், அதுவே அதிக மரியாதை.

அவன் அடிப்பான். எங்களுக்குத் தெரியாது. எங்கள் வீடு மேற்குத் தாம்பரத்தில், தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம். அக்கா வந்தால் சிரிப்பாள், சாப்பிடுவாள், போவாள். எப்போதும் ராணி கை ஜாக்கெட். எங்கள் அம்மா அதைப் பார்த்துப் பூரித்துப்போவாள். "எம் பொண்ணு ராணியம்மா மாதிரியே அடக்கமா இருக்கா பாரு. நீயும் இருக்கியே, கையில்லாத ஜாக்கெட்டும் நீயும்" என்று என்னைத் திட்டுவாள். நான் அப்போது காலேஜில் கடைசி வருடம்.

அவன் அடிக்கும்போது அக்கா முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொள்வாளாம். பிற்பாடு சொன்னாள். சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுச் சொந்தக்காரர் குடும்பம், அவர்களுக்குக் கேட்கக் கூடாதே என்று. கேட்கவில்லை. பங்கஜம் டீச்சரிடம் அவர்கள் சத்தியமே பண்ணியிருக்கிறார்கள், அப்படி ஒரு அமைதியான வீடு உண்டா என்று.

விழாவில் நாங்கள் முதல் வரிசை. பரிசு வாங்குகிறவளின் கணவனும் மேடைக்கு வந்து பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி. அந்த ஆள் புது வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றான். ராணியம்மா மைக்கில் பேசினார். பழைய காலத்து ராணிகள் எப்படிப் பொறுமையாக இருந்தார்கள், புருஷனுக்காக ஒருத்தி நகையைக் கழற்றிக் கொடுத்தாள், ஒருத்தி தீயில் இறங்கினாள் என்று. இந்தக் கதைகளை நாமும் பள்ளிக்கூடத்தில் படித்துப் பரீட்சை எழுதியவர்கள்தான். தீயில் இறங்கிய ராணியோடு கூட இறங்கிய வேலைக்காரிகளின் பெயரை எந்தப் பரீட்சையிலும் கேட்டதில்லை. அவர்களுக்கு இறங்க இஷ்டமா என்றும் யாரும் கேட்டதில்லை.

"நானும் பொறுத்துகிட்டவதாம்மா" என்று ராணியம்மா கடைசியாகச் சொன்னார். மண்டபமே கண்ணைத் துடைத்தது. அவர் கணவருக்கு வெளியே வேறு ஒரு குடும்பம் உண்டு என்பது தாம்பரத்துக்கே தெரியும். அதைச் சகித்துக்கொண்ட தெய்வம் என்று எங்கள் அம்மா ராணியம்மாவுக்காகத் திருநீர்மலைக்கு நடந்தே போய் வேண்டிக்கொண்டவள்.

பிறகு அக்கா குனிந்து சிமிழை வாங்கினாள். ஜாக்கெட் கை கொஞ்சம் மேலே ஏறியது. ராணியம்மா அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து, அந்த ஜாக்கெட் கையைப் பிரியமாகக் கீழே இழுத்துவிட்டு, லேஸை நீவிச் சரிசெய்து, போட்டோக்காரரைப் பார்த்துச் சிரித்தார்.

"பாத்தியாடி, ராணி கையால ஜாக்கெட்டைச் சரி பண்றாங்க" என்று அம்மா என் தொடையில் தட்டினாள். அந்தப் போட்டோவைச் சட்டம் போட்டு அக்கா வீட்டில் மாட்டினார்கள்.

4

தீபாவளி கழிந்து சில நாள். கோவளத்திலிருந்து பஸ் ஏறி மீன் கொண்டுவருகிற அஞ்சலை என்று ஒருத்தி. நல்லவள் என்று சொல்லமாட்டேன். ஐஸில் வைத்த மீனை இன்று காலை பிடித்தது என்று சாதிப்பாள், ஊர் வம்பு அத்தனையும் அந்தக் கூடையில்தான் வரும். அக்கா அன்று வஞ்சிரம் வாங்கிக் குழாயடியில் கழுவ உட்கார்ந்தாள். நான் ஸ்பெஷல் கிளாஸ் முடித்து அக்கா வீட்டுக்கு வந்திருந்தேன். ராணி கையை வைத்துக்கொண்டு மீன் கழுவ முடியுமா? அக்கா யோசிக்காமல் இரண்டு கையையும் முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டாள்.

அஞ்சலை கூடையைத் தூக்கப் போனவள் நின்றுவிட்டாள்.

"இன்னா யக்கா, கையி இப்டி கன்னிப்போயி கீது?"

அக்கா சட்டென்று கையை இறக்கினாள். "கதவுல இடிச்சுகிட்டேன்."

"கதவுக்கு இன்னா, அஞ்சு வெரலா கீது?"

நான் அப்போதுதான் பார்த்தேன். இரண்டு கையிலும் முழங்கைக்குக் கீழே, மஞ்சளும் நீலமுமாக, பழையதும் புதியதும். எனக்கு வாய் வரவில்லை. ஆறு வருடமாக இந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். பார்த்தது லேஸை.

அஞ்சலைக்கு வாய் வந்தது. அக்காவுக்காக இரக்கப்பட்டு என்று நினைக்காதீர்கள், அவளுக்கு விஷயம் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். தெருமுனை வரைக்கும் வீட்டுக்கு வீடு நின்று, மீனு வோணுமா என்று ஒரு குரல், வெள்ளி டப்பா வாங்குச்சே அந்த யக்காவை வூட்டுக்காரன் பின்னி எடுத்துகினு கீறான் என்று இன்னொரு குரல். அன்று சாயங்காலத்துக்குள் கிழக்குத் தாம்பரம் முழுக்கச் செய்தி. சத்தமே வராத வீட்டிலிருந்து ஒருவழியாகச் சத்தம் வந்துவிட்டது.

நான் அக்காவைக் கையைப் பிடித்து எங்கள் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். அம்மா கையைப் பார்த்தாள், அழுதாள், அழுதுகொண்டே மோர்க்குழம்பு வைத்தாள். சாப்பிட்டு முடித்ததும், "இருட்டறதுக்குள்ள கிளம்பிடு சுசீலா" என்றாள்.

"அம்மா, அங்க போனா அவன் என்னைக் கொன்னுடுவான்" என்றாள் அக்கா. குரலை உயர்த்தக்கூட இல்லை.

"கல்லானாலும் கணவன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? ராணியம்மாவே பொறுத்துகிட்டாங்க. நீ என்ன அவங்களைவிட ஒசத்தியா? நாளைக்கு இவளுக்கு யாரு மாப்பிள்ளை குடுப்பான்?" இவள் என்றது என்னை.

அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள். நான் அம்மாவோடு அதற்குப் பிறகு இரண்டு நாள் பேசவில்லை. அதனால் அக்காவுக்கு ஒரு உபயோகமும் இல்லை.

5

சங்கத்துக்கு மானம் போய்விட்டது. பங்கஜம் டீச்சர் வந்து, கதவில்தான் இடித்துக்கொண்டேன் என்று நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிடேன் என்று அக்காவைக் கேட்டார். அக்கா அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து ராணியம்மா காரே அனுப்பினார். அக்கா என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டாள்.

பங்களாவுக்குள் நான் போனது அதுதான் முதலும் கடைசியும். பெரிய கூடம். ராணியம்மா ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு நாற்காலி. முற்றத்துக்கு அந்தப் பக்கம் மாமரங்கள், அதற்கும் அந்தப் பக்கம் இன்னொரு கட்டடம், அதற்குத் தனி வாசல், தனிப் புகைபோக்கி. ஒரு சமையல்காரர் தட்டை மூடி எடுத்துக்கொண்டு அந்தக் கட்டடத்துக்குள் போனார்.

"பெரியவர் அந்தப் பக்கம்" என்றார் ராணியம்மா, நாங்கள் பார்ப்பதைப் பார்த்து. பிறகு விஷயத்துக்கு வந்தார். "பொண்ணாப் பொறந்தவளுக்குப் பொறுமைதாம்மா நகை. ஆம்பிளை கை நீட்டறது உலகத்துல நடக்கறதுதான். அதை வெளியில காட்டிக்கிறதுதான் அசிங்கம். நாற்பது வருஷத்துல நான் பெரியவரை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருப்பேனா?"

அக்கா சிமிழை ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். அதை மடியில் வைத்துக்கொண்டு, "அவர்கிட்ட கடைசியா எப்பம்மா பேசினீங்க?" என்று கேட்டாள்.

கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். ராணியம்மாவும் உண்மையாகவே யோசித்தார். ஊஞ்சல் நின்றுவிட்டது.

"நவராத்திரிக்கு" என்றார்.

"எங்க வீட்ல ஒரே ரூம்தாம்மா" என்றாள் அக்கா. "நான் எங்க போய்ப் பொறுத்துக்கறது?"

ராணியம்மா காபி கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.

"அன்னைக்கு மேடையிலேயே நீங்க பார்த்தீங்களேம்மா. பார்த்துட்டுத்தானே கையை இறக்கி விட்டீங்க? நான் வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் அதையே நினைச்சுட்டு இருந்தேன். அவங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு, கூப்பிட்டு ஏதாவது கேப்பாங்கன்னு காத்துட்டு இருந்தேன். தீபாவளி வரைக்கும் காத்துட்டு இருந்தேம்மா."

எனக்கு அப்போதுதான் விளங்கியது, மண்டபமே உருகிப்போன அந்தப் பிரியம் என்ன என்று. அம்மா தொடையில் தட்டிக் காட்டிய காட்சியை நான் கண்ணை மூடித் திரும்பப் பார்த்தேன்.

காபி வந்தது. நாங்கள் குடிக்கவில்லை. அக்கா சிமிழை ஊஞ்சலில் அவர் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்தாள். ராணியம்மா அதைப் பார்த்துக்கொண்டே, "டிரைவர் உங்களை வீட்ல விட்டுடுவான்" என்றார். அவ்வளவுதான் அந்த ராஜ வம்சத்திலிருந்து எங்களுக்குக் கிடைத்த நியாயம்.

காரில் ஏறியதும் டிரைவர், "எங்கம்மா விடணும்?" என்று கேட்டார். அக்கா காலிப் பையை மடியில் மடித்து வைத்தாள். பிறகு, "மேற்குத் தாம்பரம்ணா" என்றாள். அது எங்கள் வீடு.

இனி நடந்ததை எங்கள் தெருவில்தான் பார்க்க முடியும். அரண்மனைக் கார் வந்து எங்கள் வாசலில் நின்றது. அக்கம்பக்கம் முழுக்க வெளியே வந்தது. டிரைவர் இறங்கிக் கதவைத் திறந்துவிட்டார். எங்கள் அம்மா ஈரக் கையோடு ஓடிவந்து, வாயைப் பிளந்து, பிறகு சுதாரித்துக்கொண்டு, எதிர் வீட்டுக்காரிக்குக் கேட்கிற மாதிரி, "ராணியம்மாவே கார் வெச்சு எம் பொண்ணை இங்க அனுப்பியிருக்காங்க" என்றாள். நான் வாயைத் திறந்தேன். அக்கா என் கையைக் கிள்ளினாள்.

அவ்வளவுதான். சில நாள் முன்பு இருட்டுவதற்குள் கிளம்பச் சொன்னவள், அன்று அவளே பாய் விரித்து, அவளே தலையணை போட்டாள். பெற்ற மகள் அவன் கொன்றுவிடுவான் என்று சொன்னபோது காதில் ஏறாதது, ஒரு கார் வந்து நின்றதும் ஏறிவிட்டது. அடுத்த வாரம் அந்த ஆள் வந்து வாசலில் நின்று கத்தினான். "ராணியம்மா உத்தரவு. வேணும்னா அங்க போய்க் கேளு" என்றாள் அம்மா. அவன் அங்கே போகவில்லை. அவனும் அந்தப் போட்டோவில் ராணியம்மா பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றவன்தானே, எந்த முகத்தோடு போவான்?

ராணியம்மாவால் எங்கள் குடும்பத்துக்கு ஆன ஒரே உபகாரம் அந்தக் காரும் பெட்ரோலும்தான். அதுவும் அவருக்குத் தெரியாமல் ஆனது.

6

அக்கா முதலில் தாம்பரம் சானடோரியம் பக்கம் ஏற்றுமதித் துணி தைக்கிற கம்பெனியில் சேர்ந்தாள். கோர்ட், வக்கீல் எல்லாம் பின்னால் வந்தன. இப்போது மாடம்பாக்கத்தில் கோயில் பக்கத்துத் தெருவில் சொந்தமாகத் தையல் கடை, கடைக்குப் பின்னாலேயே வீடு. முழங்கைக்கு மேலே நிற்கிற குட்டைக் கை ஜாக்கெட்தான் போடுகிறாள். தழும்பு இரண்டு இன்னும் தெரியும். மறைப்பதில்லை.

இதையெல்லாம் என் அரைகுறை ஆங்கிலத்தில் நித்யாவுக்குச் சொன்னேன். அடித்த இடத்தை மட்டும் கொஞ்சம் குறைத்துச் சொன்னேன். கவனமாகக் கேட்டாள்.

"அந்த ராணி கெட்டவங்களாம்மா?"

"கெட்டவ இல்ல. அவளுக்குத் தெரியாது. மீன் கழுவறவளோட கஷ்டம் மீன் கழுவாதவளுக்கு எப்படித் தெரியும்?"

"பெரிம்மாவைப் பத்தி எழுதட்டுமா?"

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மறுநாள் பள்ளியிலிருந்து வந்து, டீச்சர் எல்லோருக்கும் தெரிந்த பெண்ணாக எழுதச் சொல்லிவிட்டாராம், பெரிம்மாவை யாருக்கும் தெரியாதே என்றாள். கையுறைக்காரியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி நல்ல மார்க் வாங்கிவிட்டாள். படம் இன்னும் ஃப்ரிட்ஜில்தான் இருக்கிறது. பால் எடுக்கப் போகும்போதெல்லாம் என் பாதி முகத்தை நானே பார்த்துக்கொள்கிறேன்.

7

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா கடைக்குப் போன் பண்ணுவேன். நேற்று எடுத்ததும், "இங்க யார் வந்திருக்கா தெரியுமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"யாரு?"

"ராணியம்மா."

அரண்மனை பங்களாவை இடித்து ஃப்ளாட் கட்டுகிறார்கள் என்று போன வருடமே எழுதியிருந்தாள். பில்டர் அவர்கள் பங்குக்கு அங்கேயே ஒரு ஃப்ளாட் கொடுத்திருக்கிறார். இரண்டு படுக்கையறை, ஒரு கூடம். சமையல்காரர் போய்விட்டார், கார் போய்விட்டது. பெரியவரும் ராணியம்மாவும் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரே வாசலுக்குள் குடியேறியிருக்கிறார்கள். வைகாசியில் பால் காய்ச்சியது. ஐப்பசியில் ராணியம்மா ஒரு பையோடு, மத்தியான வெயிலில், ஆட்டோ பிடித்து அக்கா கடை வாசலில் வந்து இறங்கியிருக்கிறார்.

"கொஞ்ச நாள் இங்க இருந்துக்கட்டுமா சுசீலா?" என்றாராம்.

"அடிக்கிறாராமா அந்தக் கிழவர்?"

"அதெல்லாம் இல்ல. நாள் முழுக்கக் கத்தறாராம். தண்ணி எங்கே, பேப்பர் எங்கே, குழம்புல உப்பு எங்கேன்னு. தட்டை நகர்த்தி வெக்கக்கூட இவங்களைத்தான் கூப்பிடறாராம். அவங்களால முடியலையாம்."

நான் சிரித்தேன். நன்றாக, வாய்விட்டு, ஐயாயிரம் மைலுக்கு அப்பால் கேட்கிற மாதிரி சிரித்தேன். அத்தனை வருடப் பொறுமை ஒரு கூடத்துக்குள் ஐந்து மாதம் தாங்கவில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். என் அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கிடந்த ஆறு வருடத்துக்கு இந்த அம்மாள் மைக் பிடித்து உபதேசம் செய்தாள். இவளுக்கு ஒருவன் உப்பு எங்கே என்று கத்தினதும் ஆட்டோ தேவைப்படுகிறது.

"நாலு கேள்வி கேட்டிருக்கணும் நீ" என்றேன்.

"கேட்டேனே. சாப்ட்டீங்களான்னு கேட்டேன்."

"உனக்கு ரோஷமே இல்லியாக்கா? அன்னைக்குக் கையை இறக்கிவிட்டவக்கா அவ."

தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"மறக்கல" என்றாள். "ஆனா எனக்கு அன்னைக்குப் போக ஒரு இடம் இருந்துது. பொய்யோ நிஜமோ, அம்மா கதவைத் திறந்தா. இவங்களுக்கு யாரு கார் அனுப்புவா?"

எனக்குக் கோபம் போகவில்லை. இதை எழுதும்போதும் போகவில்லை. பேச்சை மாற்றி, இப்போது என்ன செய்கிறார்கள் மகாராணி என்று கேட்டேன்.

"பாத்திரம் கழுவறாங்க. சும்மா இருங்கன்னு சொன்னேன், கேக்கல. நேத்து கழுவி முடிச்சுட்டு வந்து நின்னாங்க. முழங்கை வரைக்கும் தொப்பலா நனைஞ்சு, லேஸ்லேர்ந்து தண்ணி சொட்டுது. சுருட்டிவிடவும் தெரியல. சுசீலா, இதைக் கொஞ்சம் வெட்டித் தச்சுக் குடுக்கறியான்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"எவ்ளோ வெட்டணும்னு கேட்டேன்."

"அதுக்கு?"

"என் கையைப் பார்த்தாங்க. உன்னுது எவ்ளோ இருக்கோ அவ்ளோ, அப்படின்னாங்க."